சேமிக்கப்பட்டது

தராவா தீவின் பெசியோ துறைமுகத்தில் மீனவர் சங்கத்துக்கு ஒரு வானொலி அறை உண்டு. கடலுக்குப் போனவர்கள் எங்கே இருக்கிறோம் என்று கூப்பிட்டுச் சொல்வார்கள். அறையில் இருப்பவர் அதைக் கணினியில் பதிவு செய்வார். அந்தக் கணினியைப் பராமரித்தவள் கரேயா, சுவா நகரில் படித்துத் திரும்பியவள்.

பகல் வேலைக்கு வரும் மேரே அவளைச் சும்மா விட மாட்டாள்.

“ஏண்டி, உன் பொட்டி ஒரு வரி எழுதறதுக்குள்ள நான் சோறே வடிச்சு எறக்கிடுவேன். அங்க படகுக்காரன் கத்தறான், இது சுத்திக்கிட்டே கெடக்கு!”

“ஒவ்வொரு பதிவையும் வட்டுல எழுதி முடிச்சாத்தான் அடுத்ததுக்கு வரும்க்கா. பழைய வட்டு. அதுல எழுதற முள்ளு இங்கயும் அங்கயும் அலைஞ்சாகணும்.”

“அலையாம பண்ணு. பின்ன எதுக்கு உன்னைப் படிக்க வச்சாங்க?”

வழி இருந்தது. பதிவுகளை இயங்குதளம் நினைவகத்திலேயே சேர்த்துவைத்து, வட்டில் அவற்றுக்கான இடங்களை வரிசைப்படுத்தி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரே ஓட்டத்தில் எழுதும்படி கரேயா மாற்றினாள். தட்டியதுமே திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்தது. மேரே அவளைக் கட்டிக்கொண்டாள்.

மின்சாரம் போனால் நினைவகத்தில் இருப்பது அழிந்துவிடும் என்று கரேயாவுக்குத் தெரியும். அப்போது கணினியோடு இணைத்த மின்கலப் பெட்டி தாங்கும் என்று நினைத்துக்கொண்டாள். உப்புக்காற்றில் அது எப்போதோ செத்திருந்தது. அவள் சோதித்துப் பார்க்கவில்லை. மேரேயிடம் சொல்லவுமில்லை. சொன்னால் ‘வேண்டாம்’ என்றுவிடுவாளோ என்ற பயம்.

ஒரு மதியம் பவுரோ என்ற மீனவர் கூப்பிட்டார். எஞ்சின் நின்றுவிட்டது, அபையாங் தீவுக்கு மேற்கே நீரோட்டம் படகை இழுக்கிறது, கூட மைத்துனன் இயோதெபா இருக்கிறான், வானொலியின் மின்கலமும் தீரப்போகிறது, இனிக் கூப்பிட முடியாது. மேரே எல்லாவற்றையும் பதிந்தாள். அவள் மகளுக்குக் காய்ச்சல், சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும். அவளுக்கு அடுத்த முறைக்கு வரும், மீட்புப் படகை அனுப்பும் பொறுப்புள்ள பிரிபோ வாசலுக்கு வந்துவிட்டான்.

“பவுரோ விஷயம் ஸ்கிரீன்ல இருக்கு, முதல்ல அதைப் பாரு!” என்று சாலையிலிருந்து கத்திவிட்டு ஓடினாள். லாரி இரைச்சலில் பிரிபோவின் காதில் அது விழவில்லை, சும்மா கையசைத்தான். அவன் நாற்காலியில் உட்காருவதற்குள் மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது பவுரோவின் கடைசிப் பதிவு, காலையில் நன்றாக மீன் படுகிறது என்று சொன்னதுதான்.

மறுநாள் மேரே வந்து, “பவுரோ வந்தாச்சா?” என்றாள்.

“எங்கேருந்து?” என்றான் பிரிபோ.

அதன்பிறகுதான் தேடப் போனார்கள். பல நாள் கழித்து ஒரு சூரைமீன் கப்பல் பவுரோவை உயிரோடு தூக்கியது. இயோதெபா அதற்குமுன் கடல்நீரைக் குடித்து இறந்திருந்தான்.

மேரே பதியவே இல்லை என்று ஊர் பேசியது. கணினியைத் திறந்து பார்த்த உடனே கரேயாவுக்கு உண்மை புரிந்தது. அமைப்பை ஓசையில்லாமல் பழையபடி மாற்றினாள். வாய் மட்டும் திறக்கவில்லை. மேரே அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

ஊர்க்கூடத்தில் மேரேயை வேலையிலிருந்து நீக்கப் பேச்சு எழுந்தது. கரேயா எழுந்தாள்.

“அக்கா அடிச்சாங்க. அதை வட்டுக்குப் போகவிடாம பிடிச்சு வச்சது நான். வேகமா இருக்கட்டும்னு மாத்தினேன். யாருகிட்டயும் சொல்லலை.”

பவுரோ மெல்லக் கேட்டார்: “சேமிச்சாச்சுன்னு அது காட்டுச்சுல்ல?”

“காட்டுச்சு மாமா.”

“அப்ப மிஷின் பொய் சொல்லிருக்கு.”

“சொல்ல வச்சது நான்தான்.”

மேரே அவளையே பார்த்தாள். “வேகம் கேட்டது நாந்தான், ஒத்துக்கறேன். ஆனா தெரிஞ்சுக்கிட்டேவாடி இத்தனை நாளா என் கண்ணீரைத் தொடைச்சே?”



மேரேக்கு வேலை நிலைத்தது. சங்கம் கரேயாவையும் அனுப்பிவிடவில்லை. வேறு ஆள் இல்லை. மேரே அதன்பின் வேலை விஷயம் தவிர அவளிடம் எதுவும் பேசியதில்லை.

ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் கூட்டம். இயோதெபாவின் மனைவி கரேயாவைக் கண்டதும், குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நகர்ந்து இடம்விட்டாள்.

“வா, உட்காரு.”

கரேயா தலையாட்டினாள். ஆனால் பாட்டு முடியும்வரை வாசலிலேயே நின்றாள்.