விளக்கம்மா கேட்ட கேள்வி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு விளக்கம்மா என்று பட்டப்பெயர். கிரகத்திலிருந்து வரும் ஒளியைப் பிரித்து, அங்கே என்ன பொருள் இருக்கிறது என்று சொல்லும் நிறமாலைமானியை உருவாக்கிய இயற்பியலாளர் அவள். அளக்கும் முன் கருவிக்குள் இருக்கும் சிறு விளக்கை ஏற்றிப் பார் என்று எல்லோர் உயிரையும் வாங்குவாள். உள்ளே அழுக்கு இருந்தால் அதில் தெரிந்துவிடும். கண்ணாடியில் கறையை வைத்துக்கொண்டு நிலவைக் குறை சொல்லக் கூடாதல்லவா?

பெயர் வைத்தவர் இயக்குநர். அவள் இளமையைத் தின்ற கருவி விண்கலத்தில் ஏறும் வேளையில் அவளைக் கழற்றிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவரும் அவரேதான். பெண்பிள்ளை தலைமை என்றால் மேலிடம் யோசிக்கும் என்று சமாதானம் வேறு. அவள் அழவில்லை. பழுதான பம்புகள் கிடந்த கடைசி அறையில் உட்கார்ந்து, அந்த முகம் கறுப்பதை ஒருநாள் பார்க்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டிருந்தாள்.

கலம் கிரகத்தை எட்டியது. உயிருக்கான மூலப்பொருள் கிடைத்துவிட்டதென்று இயக்குநர் பத்திரிகைக்காரர்களை அழைத்தார். நடைவழித் திரையில் நிறமாலையின் வளைகோட்டையும் அதில் விழுந்திருந்த பள்ளத்தையும் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது கிரகம் இல்லை, பசை. வெற்றிடத்தில் ஆவியாகிக் குளிர்ந்த கண்ணாடியில் படியும் என்று, கருவியின் பாகங்களை ஒட்ட அவள் வேண்டாமென்று ஒதுக்கிய மலிவுப் பசை. அன்று அவள் செய்த சோதனையிலும் அதே இடத்தில் அதே பள்ளம் விழுந்திருந்தது.

வீட்டில் தங்கை கெஞ்சினாள். "இப்பவே போய்ச் சொல்லுக்கா. உன் கருவிக்குத்தானே கெட்ட பேரு?"

"பசையை மாத்தாதீங்கன்னேன், சிரிச்சாரு. விளக்கை ஏத்துங்கன்னேன், பேரு வெச்சாரு. இந்தத் தடவை எல்லார் முன்னாடியும்தான்டி."

அறிவிப்பு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள்.

"சார், விளக்கை ஏத்திப் பாத்தீங்களா?"

ஆய்வுக்கூடத்தார் சிரித்தார்கள். நிருபர்கள் சிரிக்கவில்லை. அது என்ன விளக்கு என்று ஒருத்தி கேட்க, அவள் இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். பார்த்தீர்களா இல்லையா என்று நிருபர் விடாமல் கேட்டாள். அவசியப்படவில்லை என்றார் இயக்குநர்.

வேறு வழியில்லாமல் கலத்துக்குக் கட்டளை போனது. மறுநாள் விளக்கின் நிறமாலை வந்தது. அதிலும் அதே பள்ளம்.

"முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் இயக்குநர், நாற்காலியைவிட்டு எழுந்தபடி. முகம் கறுத்திருந்தது. அவள் கண் எடுக்காமல் பார்த்தாள்.

"சொன்னேன் சார்."

பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பசை ஆவியாகிப் போகும்வரை கண்ணாடியைச் சூடேற்றும் கட்டளையைத் தட்டெழுதினாள். அவர் நின்றுகொண்டிருந்தார். அவள் உட்காரச் சொல்லவில்லை.