கை அசைத்தால் வருவாள்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, நானும் கணவரும் சென்னையை அடுத்த ஒரகடத்தில் தகடு அடிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறோம். மெஷின் ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது. லைனில் எல்லாமே கை ஜாடைதான். விரலை மடக்கினால் வா, உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. அந்தப் பழக்கம் வாடகை அறைக்குள்ளும் வந்துவிட்டது. ஐந்து வயது மகளைச் சாப்பிடக் கூப்பிடுவதும் கையால்தான். டக்கென்று பிடித்துக்கொள்வாள். கெட்டிக்காரி என்று எங்களுக்கு ஒரே பெருமை.

வீட்டு ஓனரம்மாவுக்கு மட்டும் அவளைக் கண்டால் ஆகாது. "தொண்ட கிழிய கூப்புடறேன், திரும்பக்கூட மாட்டேங்குது. திமிரு புடிச்சிகினு கீது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோடு பேச்சையே நிறுத்தினேன்.

பிறகு டீச்சரும் அதையே சொன்னார். லீவு போட்டுக் காது டாக்டரிடம் ஓடினோம். அடிக்கடி சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, பாதிதான் கேட்கிறது, வற்றாவிட்டால் ஆபரேஷன் என்றார். ரத்தப் பரிசோதனையில் விட்டமின் டி மிகக் குறைவு. அது குறைந்தால் இப்படித் திரும்பத் திரும்ப வரலாமாம். மருந்து எழுதிவிட்டு, பிள்ளையை வெயிலில் விளையாட விடுங்கள் என்றார், ஏதோ வெயிலை நாங்கள் பரணில் கட்டி வைத்திருப்பதுபோல.

எங்கே விடுவது? ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். வாசலில் இறங்கினால் கன்டெய்னர் லாரி. நைட் ஷிப்டு முடிந்து எங்களில் ஒருவர் பகலெல்லாம் தூங்க, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை அவள் சாத்திய கதவுக்குள் பிஸ்கட் தின்று வளர்ந்தாள். மண்டை பிளக்கிற வெயில் அடிக்கிற ஊரில் என் பிள்ளைக்கு வெயில் போதவில்லையாம். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கணவரைத் திட்டினேன்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு மொட்டை மாடி கிடையாது. வீம்பை விட்டு ஓனரம்மாவிடம் சாவி கேட்டேன். காது கேட்காததை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கடிந்துகொண்டே கொடுத்தார். எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு?

தினமும் மருந்து, முட்டை, மாடி. கையை அசைக்காமல், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்ப்பேன். திரும்பமாட்டாள். வாரக்கணக்கில் திரும்பவில்லை. மருந்தின்மேலும் டாக்டரின்மேலும் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது.

ஒருநாள் காலை, அந்த எரிச்சலில் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அவள் சட்டென்று திரும்பி, லைனில் நாங்கள் செய்வதுபோலவே உள்ளங்கையைக் காட்டினாள்.

"ஏம்மா கத்துத? எனக்குத்தான் கேக்குதுல்லா."