சாமி மலையேறாத காலை

சங்கத்தில் எனக்குத் துண்டு போடுவார்கள். மக்கள் கலைஞன் என்பார்கள். அடித்து முடித்து டீ கேட்டால், தோழர் பேசி முடிக்கட்டும் என்பார்கள். தோழர் முடிப்பதற்குள் டீக்கடை சாத்திவிடும்.

நான் தப்பு அடிக்கிறவன். சாவுக்கு அடித்தேன், கூலிப் போராட்டத்துக்கும் அடித்தேன். பாட்டும் நானே கட்டினேன். ஆனால் என் முதல் போராட்டத்தில் சங்கமும் இல்லை, பாட்டும் இல்லை.

பாகூர்ப் பக்கம் எங்கள் ஏரி மதகைத் திறக்க ஒரு முறை உண்டு. தப்பு அடிக்க வேண்டும். சாமியாடிக்கு அருள் வந்து, தண்ணீர் யாருக்கு முதலில் என்று வாக்குச் சொல்ல வேண்டும். சாமியாடி, பெரிய வீட்டுக்காரரின் மைத்துனர். அதனால் வருஷா வருஷம் பெரிய வீட்டுக் கரும்புக்கே முதலில் என்று வாக்கு வரும். அம்மனுக்குக் கரும்பு பிடிக்கும் போல.

அந்த வருஷம் ஏரிக்குத் தூரமான கடைமடையில் எங்கள் ஆட்களின் நெல் கருகியது. அடிக்க மாட்டோம் என்றோம்.

“நீ இல்லைனா இன்னாடா? வில்லியனூர்ல பேண்டு செட்டு கீது” என்றார் பெரிய வீட்டுக்காரர்.

மாதா கோயில் தேருக்கு வாசிக்கிற செட்டு வந்தது. சிவப்புச் சட்டை, தொப்பி. சினிமாப் பாட்டு வாசித்தார்கள். சாமியாடி வேப்பிலையும் கையுமாக, பஸ்ஸுக்கு நிற்கிறவர் போல நின்றார். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். அருள் வரவில்லை.

“ஆத்தா சினிமா கொட்டாய்க்குப் போய்ட்டா போலக்கீது” என்றாள் நடவுக்காரி ஒருத்தி. கரையே சிரித்தது.

வெயில் ஏறியது. கரும்பும் காய்கிறதே. பெரிய வீட்டுக்காரர் என்னிடம் வந்தார்.

“வந்து அடிடா.”

“அடிக்கிறேன் ஆண்ட.”

எங்கள் ஆட்கள் என்னை முறைத்தார்கள். நான் தப்பைத் தீயில் காட்டிக் காய்ச்சினேன்.

நாலு அடியில் அருள் வந்துவிட்டது. “கரும்புக்கு” என்றார் சாமியாடி. வாக்கு வந்ததும் நான் நிறுத்த வேண்டும். அடி நின்றால்தான் சாமி மலையேறும். நான் நிறுத்தவில்லை. அடி நிற்குமுன் அவர் நின்றால், வந்தது சாமி இல்லை என்று ஊர் சொல்லிவிடும். ஆடினார். தொந்தியும் ஆடியது.

“போதும்டா” என்றார் பெரிய வீட்டுக்காரர்.

“ஆத்தா இன்னும் இன்னாவோ சொல்ல வர்றா ஆண்ட.”

வேகம் கூட்டினேன். சாமியாடிக்கு நாக்குத் தள்ளியது. என்னைப் பார்த்தார். எங்கள் ஆட்களைப் பார்த்தார்.

“கடைமடைக்கு. கடைமடைக்கு முதல்ல.”

நிறுத்தினேன். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாக்கு வாக்குதான். பெரிய வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டார். தண்ணீர் போனது. நெல் பிழைத்தது.

அடுத்த வருஷம் நான் தப்பைக் காய்ச்சும்போதே சாமியாடி பக்கத்தில் வந்து குந்தினார்.

“யாருக்குன்னு இப்பவே சொல்லிடுபா. முட்டி தாங்கல.”