விஜயராகவன் போட்ட நாலு ஊர் டூர்

பாண்டிச்சேரி கதிர்காமத்து விஜயராகவனுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது. தெரியாததையும் அவன் தெரிந்த குரலில் சொல்லிவிடுவான். கேட்கிறவர்கள்தான் நமக்கு இது தெரியாமல் போயிற்றே என்று கூசிப்போவார்கள். அப்பாவுக்குச் சேதராப்பட்டுக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. மகன் கல்லூரியில் வரலாறு இரண்டாம் வருஷம். வடக்கே திண்டிவனம், தெற்கே கடலூர், அதற்கு அப்பால் அவன் கால் வைத்ததில்லை. ஆனாலும் வகுப்பில் யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் வழி சொல்லி அனுப்புகிறவன் அவன்தான்.

2003இல் வகுப்புச் சுற்றுலாப் பேச்சு வந்தது. எல்லோரும் வழக்கம்போல ஊட்டி, கொடைக்கானல் என்றார்கள். விஜயராகவன் பெஞ்சின் மேல் ஏறி நின்றான்.

“வெக்கமா இல்லையாடா? நம்ம மாநிலத்துல நாலு ஊரு. பாண்டிய விட்டா வேற எதையாவது பாத்திருக்கீங்களா? காரைக்கால், மாஹே, ஏனாம். ரெண்டே நாள்ல மூணையும் முடிச்சுட்டு வர்றோம்.”

இந்த ரெண்டு நாள் கணக்கு துறைச் சுவரில் தொங்கிய வரைபடத்திலிருந்து பிறந்தது. அதில் பாண்டிச்சேரி பெரிதாக நடுவில் இருந்தது. மற்ற மூன்றையும் இடம் போதாமல் ஓரத்தில் கட்டம் கட்டி, ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சடித்திருந்தார்கள். விஜயராகவன் கட்டை விரலை வைத்து அளந்து பார்த்தான். காரைக்காலிலிருந்து மாஹேக்கு ஒரு விரல்கூட இல்லை. காலையில் காரைக்காலில் டிபன், மத்தியானம் மாஹேயில் பிரியாணி, பொழுது சாய ஏனாம். பிசிறில்லாத திட்டம்.

சந்திரகலா எழுந்தாள். “எங்கப்பா ஏனாம்லதான் வேலை பாக்குறாரு, கரண்ட் ஆபீஸ்ல. சாயந்திரம் மெட்ராஸ்ல ரயில் ஏறுனா மறுநாள்தான் போய்ச் சேருவாரு. அது ஆந்திராவுல இருக்குது. மாஹே கேரளாவுல.”

விஜயராகவன் சிரித்தான். “உங்கப்பா சுத்து வழியில போறாரு சந்திரா. கவர்மென்ட் ஆளுங்க அப்படித்தான், பயணப்படி வாங்கணும்ல?”

வகுப்பே சிரித்தது. ஓர் அட்லஸைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. துறைத்தலைவர் தணிகாசலம் அதே வரைபடத்தின் கீழே உட்கார்ந்து பல வருஷமாகப் பிரெஞ்சு ஆட்சியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். “தேசிய ஒருமைப்பாட்டுக்கு நல்லது” என்று சொல்லி அனுமதி கொடுத்துவிட்டார்.

“நீயும் வர்றியா?” என்று தோழி ஸமீஹா சந்திரகலாவைக் கேட்டாள்.

“வராம? காரைக்கால் வரைக்கும் நிச்சயம் போவோம். அது போதும்.”

புறப்படுவதற்கு முன் விஜயராகவன் எல்லோருக்கும் பிரெஞ்சு வேறு சொல்லிக்கொடுத்தான். மற்ற ஊர்களில் இன்னும் பிரெஞ்சுதான் நடக்கிறது என்பது அவன் முடிவு. வணக்கத்துக்கு ‘போன்ழூர்’, நன்றிக்கு ‘மெர்சி’ என்று கேன்டீனில் ஒரு வாரம் ஒரே இரைச்சல்.

கூடப் படிக்கிற ஆசிப்பின் மாமா உசேன் தன் வேனையே ஓட்டி வந்தார். விடிய வேன் கிளம்பியது. கடலூர் தாண்டியதும் விஜயராகவன் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஊர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். காரைக்காலில் இறங்கியதும் தெம்பு திரும்பியது. நேராக டீக்கடைக்குப் போய், “போன்ழூர்!” என்றான்.

“பன்னு இல்ல தம்பி, தீந்துபோச்சு. பட்டர் பிஸ்கட் தரவா?” என்றார் கடைக்காரர்.

டிபன் முடிந்தது. “மாமா, அடுத்து மாஹே. அரை மணியில போயிடலாம்ல?”

உசேனுக்கும் அந்தப் பெயர் புதிது. “அது எந்தத் தெருவுல இருக்குது? கேட்டுட்டு வா.”

முக்கில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தார். விஜயராகவன் வழி கேட்டான்.

“மாஹேக்கா? மேக்கால போ. கடல் வர்ற வரைக்கும் போய்க்கிட்டே இரு.”

“கடல் இந்தப் பக்கம்தான சார் இருக்குது?”

“இது இல்லப்பா, கேரளாக் கடலு.”

விஜயராகவன் மேற்குப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். இருந்தாலும் கேட்டான். “அப்ப ஏனாம் சார்?”

போலீஸ்காரர் முகம் வெளுத்துவிட்டது. “ட்ரான்ஸ்பர் போட்டுட்டாங்களா? என் பேரு இருக்குதா? யாரு சொன்னது உனக்கு?”

அவரைத் தேற்றிவிட்டு வருவதே பெரும்பாடாகிவிட்டது. வேனுக்குத் திரும்பி நடக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவனுக்கும் ஒரு யோசனை வந்தது. அத்தனை முகங்களும் ஜன்னல் வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. யோசனை போய்விட்டது.

“மாஹே, ஏனாம் கேன்சல். அந்த ரூட் சரியில்லன்னு போலீஸே சொல்றாரு. பொண்ணுங்கள வெச்சிக்கிட்டு நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்.”

“ரூட்டு சரியில்லையா? அந்த ஊரே இங்க இல்லடா!” என்றாள் சந்திரகலா.

“விடு சந்திரா” என்றாள் மாலா. “பாவம், நமக்காகத்தான அலையுறான்.”

வேனில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். பொறுப்பான பையன் என்றார் உசேன். சந்திரகலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மிச்ச நேரத்தைக் காரைக்கால் கடற்கரையிலும், அம்மையார் கோயிலிலும், பக்கத்து நாகூர் தர்காவிலும் கழித்தார்கள். வறுத்த மீன் அருமை. எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஊர் திரும்பியதும் தணிகாசலம் விஜயராகவனை மேடையேற்றிச் சிறந்த ஒருங்கிணைப்பாளர் கேடயம் கொடுத்தார். ‘கால அவகாசம் இல்லாததால் இரு பகுதிகளைக் காண இயலவில்லை’ என்று அவன் அடக்கமாகப் பேசினான்.

கோடை விடுமுறையில் சந்திரகலா ஸமீஹாவையும் அழைத்துக்கொண்டு, அப்பாவோடு ரயிலேறி ஏனாமுக்கே போய் வந்தாள். கோதாவரியில் படகில் போனார்கள். தெலுங்கு புரியாமல் கைஜாடையில் மாம்பழம் வாங்கினார்கள். கல்லூரி திறந்ததும் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. துறை மன்றத் தேர்தல் வந்துவிட்டிருந்தது. முன்கூட்டியே டிக்கெட் எடுத்து ஒழுங்காக மைசூர் போகலாம் என்று சொல்லி அவள் செயலாளர் பதவிக்கு நின்றாள். எதிரே நின்ற விஜயராகவன் லட்சத்தீவு என்றான். வேனிலேயே போய்விடலாமாம்.

பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தான். வெற்றி பெற்றவன் முதல் வேலையாக அவளைத் தேடிப் போனான். உண்மையிலேயே அவனுக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது.

“உனக்கு விஷயம் தெரியுது சந்திரா, இல்லன்னு சொல்லல. ஆனா நாலு பேரைக் கூட்டிட்டுப் போற தெறமை வேற.”

“எங்க கூட்டிட்டுப் போற?” என்று கேட்டாள் அவள்.

அதற்குள் பின்னாலிருந்து யாரோ மாலையோடு ஓடிவந்தார்கள். விஜயராகவன் திரும்பி, வாகாகக் குனிந்து கழுத்தை நீட்டினான்.