பேச்சக்காவும் நாத்தனாரும்

சக்கரம் வைத்த கம்பத்தில் நிற்கும் சிறு கணினித் திரையை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, மறு கையால் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டுதான் வார்டுக்குள் வருகிறாள் பேச்சக்கா. திரை டாக்டர் பக்கம் நிற்கும். நாற்காலி நோயாளியின் வீட்டார் பக்கம். முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

டாக்டர்களின் மொழி தெரியாத நோயாளிகளுக்கு, டாக்டர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வது அவள் வேலையாக இருந்தது. இப்போது அதைத் திரையில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு செய்கிறது. அது தப்பினால் திருத்துவது மட்டும் அவள் பொறுப்பு. அதற்கு அவள் வைத்த பெயர் நாத்தனார். “ஒரே வீட்ல இருந்துகிட்டு என் வேலையெல்லாம் அதுவே செஞ்சுட்டு நிக்குது. வேற என்னன்னு கூப்பிடறது?”

வந்த புதிதில் நாத்தனார் நன்றாகவே சொதப்பியது. “ஸ்கேன் எடுக்கையில எனக்குப் பாதி உயிர் போயிடுச்சுங்க” என்று ஒரு பெரியவர் சொல்லப்போக, அது வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்க, டாக்டர் நாடி பார்க்க ஓடிவந்தார். பேச்சக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இப்போது அதெல்லாம் அதற்குப் பழகிவிட்டது. அவள் வாய் திறக்க வேண்டியிருப்பதே அபூர்வம்.

மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இயந்திரம் வேண்டாமென்று கொதித்தபோது அவள் மட்டும் சேரவில்லை. “அதுக்கு முகம் பாத்துப் பேசத் தெரியாதுக்கா” என்றார்கள். “அதான் நல்லது” என்று முணுமுணுத்தாள்.

முகம் பார்த்துத்தான் அவள் ஒருமுறை கெட்டாள். நினைவிழந்து கிடந்த ஒருவரைப் பற்றி, “நாளையைத் தாண்ட மாட்டார். பிள்ளைகளை வரச் சொல்லுங்கள்” என்றார் டாக்டர். நோயாளியின் மனைவி முகம் ஏற்கெனவே இடிந்து போயிருந்தது. பேச்சக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். “கொஞ்சம் கஷ்டமான கட்டம்தாம்மா, பாப்போம்” என்றாள். அந்த அம்மாள் அங்கேயே வெளியூரில் படிக்கும் மகளுக்குப் போன் போட்டு, “பரீட்சைய முடிச்சுட்டே வாடி” என்றார். அப்போதாவது தடுத்திருக்கலாம்.

மகள் வந்தபோது கட்டில் காலி. வராந்தாவில் பேச்சக்காவை நிறுத்திக் கேட்டாள்: “டாக்டர் சொன்னத அம்மாகிட்ட அப்படியேதான் சொன்னீங்களாக்கா?”

“ஆமாம்மா.”

அந்தப் பெண் நம்பினாள். நன்றி சொல்லிவிட்டும் போனாள். அந்த நன்றிதான் பேச்சக்காவுக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

சென்ற வாரம் ஒரு மதியம், கணவரைத் தீவிர சிகிச்சையில் விட்டிருந்த ஒரு பெண்ணிடம் டாக்டர் பேசினார். நாத்தனார் எப்போதும்போலச் சீரான குரலில் சொன்னது: “உங்கள் கணவர் பிழைப்பது கடினம். வர வேண்டியவர்களை இன்றே வரச் சொல்லுங்கள்.” ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அந்தப் பெண் திரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பேச்சக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அது என்னமோ சொல்லுதே... நீங்க சொல்லுங்கக்கா. அப்படியெல்லாம் இல்லதானே?”

பழைய ஆறுதல் பேச்சக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

“அது சரியாத்தாம்மா சொல்லுது.”

அந்தப் பெண் கைப்பேசியை எடுத்தாள். தப்பான பெயர்களையே தொட்டுத் தொட்டு அழித்தாள். பேச்சக்கா அதை மெல்ல வாங்கி, “மொதல்ல யாருக்குப் போடணும்?” என்று கேட்டாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதும், அந்தப் பெண்ணின் காதில் வைத்துத் தானே பிடித்துக்கொண்டாள்.