தக்காளி வேரில் ஒரு காளான்

சுவிசேஷமுத்து அண்ணன் சிராங்கூன் ரோட்டில் ஓர் எண்ணெய்க் கடையில் வேலை பார்த்தார். டன்லப் ஸ்திரீட்டில் எங்கள் அறைக்கு அடுத்த அறை. தங்கமான மனிதர், பிடிவாதம் மட்டும் கொஞ்சம் கூடுதல். ஒவ்வோர் ஆண்டும் அறுப்பின் பண்டிகைக்கு, வீட்டில் விளைந்ததைச் சபையார் ஆலயத்தில் காணிக்கையாக வைப்பார்கள்; ஆராதனை முடிந்ததும் ஏலம். அண்ணன் தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காயோடு தலைகுனிந்து போவார். "ஒரு தடவையாவது என் கையால வெளஞ்சத வைக்கணும்" என்பார்.

1956இல் அவர் மனைவி அன்னம்மா அக்கா கப்பலேறி ஊருக்குப் போய்த் தக்காளி விதை கொண்டுவந்தார். பொத்தோங் பாசிரில் ஒரு சீனர் தம் கீரைத் தோட்டத்து ஓரத்தில் இரண்டு பாத்தி கொடுத்தார். பூக்கிற நேரத்தில் செடியின் தூரை ஒட்டி, இலையே இல்லாத வெளிறிய தண்டுகள் ஊதாப் பூவோடு கிளம்பின. அண்ணன் அதைக் காளான் என்றார். பார்க்க அழகு, செய்வது அநியாயம். தக்காளி வேரை உறிஞ்சியே கொழுத்தன. அந்த ஆண்டும் பூசணிக்காய்தான்.

"எங்க வீட்டுக்காரரு காளான் பண்ணை வச்சிருக்காருலா!" என்று அக்கா மாடிப்படி முழுக்கக் கேட்கச் சொல்வார். பாஸ்டருக்குத் தெரியாமல் புகையிலை போடுகிற வாய்க்குப் பேச்சைப் பாருங்கள் என்று எனக்கே எரிச்சல் வரும். அண்ணன் சிரித்துக்கொள்வார்.

மறு நடவில் காளானை ஒழிக்கக் கடையிலிருந்து வேப்பம் புண்ணாக்கு சுமந்துபோனார். அவசரத்தில் காய்ந்த புண்ணாக்கைத் தூரிலேயே கொட்டினார். மழை பெய்ததும் புண்ணாக்கு புளித்து மண் சூடேறித் தக்காளி வெந்துபோனது. அதற்கடுத்த முறைதான் புத்தி வந்தது. நாற்று நடும் முன்பே புண்ணாக்கை இடித்து மண்ணில் கலந்து, நனைத்து மக்கவிட்டார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார ஆளில்லை, அப்படி ஒரு நாற்றம். தப்பி முளைத்த காளானைப் பூக்குமுன் பிடுங்கி எரித்தார். அது ஒழியவில்லை, ஆனால் வெகுவாகக் குறைந்தது. தக்காளி காய்த்தது.

பறிக்கிற நாளில்தான் அக்கா முதன்முதலாகத் தோட்டத்துக்கு வந்தார். அன்றோடு கேலி நின்றது.

பண்டிகை ஏலத்தில் அண்ணனின் கூடை வந்ததும் அக்காவே கேட்டார், யாருக்கும் விடாமல் எடுத்தும்விட்டார். "சொந்தத் தக்காளிக்கே ஏலமா அக்கா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மூவரும் திரும்பி நடக்கும்போது அக்கா அண்ணனிடம் சொன்னார்: "எல்லாம் என்னாலதாங்க. பூச்சி விழக்கூடாதுன்னு வெதைய என் போயிலையில மடிச்சுக் கொண்டாந்தேன். இது போயிலைக் கொல்லைக் காளான், அதோட வெத தூசி மாதிரி எலையில ஒட்டியிருக்கும். அன்னிக்குக் கண்ணால பாத்தப்பத்தான் தெரிஞ்சுது."

அண்ணன் கூடையை வாங்கிக்கொண்டார். "மொத காளான் மொளச்சப்பவே எனக்குத் தெரியும் அன்னம். எங்கப்பா கொல்லையில எத்தன பிடுங்கியிருப்பேன்!"

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? எவ்வளவு கேலி பண்ணேன்!"

"சொன்னா அழுதிருப்பே. கேலி பண்றப்ப சிரிச்சுக்கிட்டாவது இருந்தே."