நோட்டில் எழுதாத அடைப்பு

1981 மார்ச் 9. டாப்பெட் மூடி கேஸ்கெட். ரூ. 14.50
ஏப்ரல் 2. எஞ்சின் ஆயில் 2 லிட்டர். ரூ. 31.00
ஏப்ரல் 20. முன்பக்க ஆயில் சீல், கூலியுடன். ரூ. 38.00
மே 27. ஆயில் 3 லிட்டர். ரூ. 46.50
ஜூன் 11. பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸ் இறக்கிய கூலியுடன். ரூ. 165.00
ஜூன் 30. ஆயில் 3 லிட்டர். ரூ. 46.50
மொத்தம் ரூ. 341.50

இது என் டீசல் டாக்ஸிக்கு நான்கு மாதத்தில் ஆன செலவு. வேலை செய்தவர் தருமலிங்கம். அவரைப் பற்றி எழுதத்தான் பழைய நோட்டை எடுத்தேன்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள குப்பத்தில் பிறந்தவர். அண்ணன்கள் வலைக்குப் போக, அவர் பொன்னேரி லாரிப் பட்டறையில் ஒன்பது வருடம் இருந்தார். திரும்பி வந்து, பழவேற்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டார். எண்ணெய்க் கசிவைக் கண்டுபிடிக்க எஞ்சினை மண்ணெண்ணெயால் துடைத்துக் காயவைத்து, கோலமாவைத் தூவுவார். ஒரு மைல் ஓட்டிவிட்டு வந்தால், மாவு முதலில் நனைந்த இடம்தான் கசியும் இடம். "வாசலுக்கு வாங்குன மாவெல்லாம் காரே தின்னுது" என்பார் அவர் மனைவி தனக்கோடி.

என் காரில் எங்கும் நனைந்தது. மேல் மூடியைச் சரிசெய்தால் முன்பக்கம் கசிந்தது. முன்பக்க சீலை மாற்றினால் பின்பக்கம்.

"சீல் நல்லாத்தான் ஒக்காந்திருக்கு பாய். உள்ள இருந்து இன்னாவோ அமுக்குது. இன்னும் ரெண்டு நாள் வண்டிய வுட்டுட்டுப் போங்க, பாத்துடறேன்" என்றார் ஜூன் 30 அன்று.

"நாலு மாசமா வுட்டுத்தானே வச்சிருந்தேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஜூலையில் மீனவர் சங்கம் ஆறு படகுகளுக்கு எஞ்சின் வாங்கியது. அவற்றைப் பார்த்துக்கொள்ள மாதச் சம்பளத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த வேலை கிடைக்கும் என்று தருமலிங்கம் ஆறு மாதமாகக் காத்திருந்தார். அவர் வேலை எப்படி என்று கேட்க, தலைவர் நீலமேகம் என்னைக் கூட்டத்துக்கு அழைத்தார்.

"பாய் நோட்ட கொண்டாரச் சொல்லுங்க. கொசு கடிச்சாக்கூட அதுல தேதி இருக்கும்" என்றார் படகுக்காரர் சின்னதம்பி. எல்லோரும் சிரித்தார்கள்.

மேலே உள்ள வரிகளை அப்படியே படித்தேன். ஒரு வரியும் பொய் இல்லை.

"கார் நின்னா ரோட்டுல நிக்கும். நடுக்கடல்ல எஞ்சின் நின்னா?" என்றார் நீலமேகம்.

தருமலிங்கம் கதவோரம் உட்கார்ந்திருந்தார். "நோட்டுல இருக்கறது நெசம்தான்" என்றார். வேலை மெட்ராஸ் ஆள் ஒருவருக்குப் போனது. அந்தச் செய்தி பரவியதும் தருமலிங்கத்திடம் வண்டி விடுவதையும் பலர் நிறுத்தினார்கள். ஆகஸ்டில் கொட்டகையைப் பிரித்து, குடும்பத்தோடு காசிமேடு போய்விட்டார்.

அக்டோபர் 12 அன்று ஆயில் குறைந்து அனுப்பம்பட்டில் என் கார் நின்றது. அங்கிருந்த மெக்கானிக் மாணிக்கம் ஆயிலை ஊற்றி எஞ்சினை ஓடவிட்டார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாய்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கைய தள்ளுது பாய். பிஸ்டன தாண்டி கொஞ்சம் காத்து எப்பவும் கீழ எறங்கத்தான் செய்யும். அது வெளிய போக ஒரு கொழாய் இருக்கு. அது அடச்சிருந்தா, காத்து சீல் வழியா ஆயிலத்தான் தள்ளிக்கினு வரும்."

காருக்கு அடியில் படுத்து, அழுக்கோடு அழுக்காக இருந்த குழாய் முனையைத் திருப்புளியால் குடைந்தார். தார், பஞ்சு, ஒரு துண்டுக் கட்டை விழுந்தன.

"இங்க யாரு ஆப்பு வச்சது?"

"வாங்கும்போதே இருந்திருக்கும்" என்றேன்.

"கார் கம்பெனில வலை மிதப்புக் கட்டைய வச்சா அனுப்பறாங்க?" என்று சிரித்தார். இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு சொட்டும் கசியவில்லை.

கட்டையை வைத்தவன் நான். பிப்ரவரி 26 அன்று கைருன் பீவி வீட்டாரைப் பொன்னேரி கல்யாணத்துக்கு அழைத்துப் போனேன். குழாய்ப் புகை காருக்குள் வந்து பட்டுப்புடவையெல்லாம் நாறுகிறது என்று வழியெல்லாம் பேச்சு. வீடு திரும்பியதும் அந்தக் குழாயை அடைத்தேன். இளவயதில் எனக்குப் படகில் பங்கு இருந்தது. பலகை இடுக்கில் ஒழுகினால் தாரில் நனைத்த பஞ்சைத் திணித்து, மிதப்புக் கட்டையைச் சீவி இறுக்குவோம். அதை இங்கே யாரும் ஒரு வேலையாக நினைப்பதில்லை. காசும் ஆகவில்லை. அந்தத் தேதியில் கல்யாண வாடகை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

மாணிக்கத்திடம் சொன்ன பொய்யோடு மூன்றரை வருடம் இருந்தேன். 1985 பிப்ரவரியில் காரை விற்ற பிறகுதான், மார்ச் 4 அன்று, தருமலிங்கத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். எனக்கு இழப்பு இல்லாத நாளைப் பார்த்து எழுதினேன் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

மார்ச் 20 அன்று பதில் வந்தது. "எனக்கு எழுதினது சரி பாய். சங்கத்துல படிச்சீங்களா?"

அதற்கும் மூன்று மாதம் ஆனது. ஜூன் கூட்டத்தில் எழுந்து நின்று, அவருக்கு எழுதியதைப் படித்தேன். இந்த முறை சின்னதம்பி சிரிக்கவில்லை.

"நாலு வருசம் கழிச்சு இத எந்தப் பக்கத்துல எழுதறது பாய்?" என்றார் நீலமேகம். ஆனாலும் தருமலிங்கத்தை வேலைக்கு அழைத்துச் சங்கத்தின் பேரில் கடிதம் போட்டார்.

தருமலிங்கம் பதிலை எனக்குத்தான் எழுதினார். காசிமேட்டில் பட்டறை நடக்கிறது, வருவதற்கில்லை என்றிருந்தது. அன்று மூடியைத் திறந்து கைவைத்துப் பார்க்காதது தன் தப்பு என்றும் எழுதியிருந்தார். அவர் கேட்ட இரண்டு நாளைக் கொடுக்காமல் சாவியை வாங்கியவன் நான். அதை அவர் எழுதவில்லை. கடைசியில், பிப்ரவரி 26ஆம் தேதிப் பக்கத்தில் அந்த அடைப்பை எழுதிவிடுங்கள் என்று கேட்டிருந்தார். எழுதிவிட்டேன்.

அந்தக் கடிதம் வந்தது 1985 ஜூலை 19.